வெண்பட்டு விசிறி

அநுராதபுரத்திலே, அபயகிரி விகாரையின் இடிபாடுகளுக்கு நடுவே, ஒரு மரநிழலில் இளைப்பாறியிருந்தோம். எங்கள் கல்லூரி மாணாக்கர் முப்பதின்மரும் நானும். காலையிலே புகையிரதத்தில் வந்திறங்கி, வெயிலோடு வெயிலாக நடந்து, தாகசாந்தி செய்துகொண்டிருந்த வேளை அது. மாணாக்கன் ஒருவன் என்னருகே வந்து ஒரு கேள்வி கேட்டான். 1600 ஆண்டுகளுக்கு முன்னே சீனத்திலிருந்து இங்கு வந்த பாகியான் இந்த விகாரையிலே ஒரு விசிறியைக் கண்டு அழுதார் என்று படித்தோமே, துறவியாகிய அவர் ஏன் அழுதார் என்பது அவன் கேள்வி.

தாய்நாட்டு நினைவு வந்தது, அழுதார் என்றேன். முப்பது ஆண்டாக வகுப்பறையிலே நான் சொல்லிவரும் விடை அது. அவன் விடவில்லை. துறந்தவருக்குத் தாய்நாடு ஏது? நாட்டின்மேல் அவ்வளவு பற்றுள்ளவர் நாட்டைவிட்டு ஏன் புறப்பட்டார்? புறப்படும்போது அழாதவர் இங்கே வந்து ஏன் அழவேண்டும்? ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கேள்விகள். எனக்கு விடை தோன்றவில்லை. நேரமாகிவிட்டது, எழுந்திருங்கள் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன்.

வீடு திரும்பிய பின்பு பாகியானின் யாத்திரை நூலை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். முன்பும் படித்த நூல்தான். ஆனால் அப்பொழுது எனக்கு முப்பது வயது, இப்பொழுது ஐம்பத்தேழு. நூல் மாறவில்லை, படிப்பவன் மாறிவிட்டான். அந்த மாணாக்கனுக்கு நான் சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதுகின்றேன். அதனோடு என் சொந்தக் கணக்கு ஒன்றும் கலந்திருக்கிறது. அதனை முடிவிலே சொல்வேன்.

வாயிலுக்கு வெளியே ஒரு குடில்

பாகியான் என்பது துறவுப் பெயர். தருமத்தின் விளக்கம் என்பது அதன் பொருள். வட சீனத்திலே, இன்று சான்சி எனப்படும் பகுதியிலே, ஏறக்குறைய கி.பி. 337ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். ஆறாம் நூற்றாண்டிலே தொகுக்கப்பட்ட சீனத் துறவியர் சரித்திரம் அவருடைய இளமையைச் சிறிது சொல்கின்றது.

அவருக்கு மூத்த பிள்ளைகள் மூவர் இளமையிலேயே இறந்தனர். நான்காம் பிள்ளையையேனும் காலன் விட்டுவைக்கட்டும் என்று அஞ்சிய தந்தை, மூன்று வயதிலே அவரைப் பௌத்த சங்கத்துக்கு நேர்ந்து விட்டார். நேர்ந்தாரேயொழியப் பிரிய மனமில்லை. வீட்டிலேயே வைத்து வளர்த்தார். பிள்ளை கொடிய நோயில் விழுந்தது. மடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் சில நாளிலே நோய் நீங்கியது. நோய் நீங்கிய பிள்ளை வீட்டுக்கு வர மறுத்துவிட்டது.

தாய்க்கு மகனைக் காணும் ஆசை. காண இயலவில்லை. அதனால் மடத்து வாயிலுக்கு வெளியே ஒரு சிறு குடில் கட்டுவித்தார்கள். வந்துபோகும்போது பார்ப்பதற்கென்று. இந்தச் சிறு செய்தியை அந்தச் சரித்திரகாரர் ஒரு வாக்கியத்திலே சொல்லிக் கடந்து போகின்றார். என்னால் அவ்வாறு கடந்து போக முடியவில்லை. அந்தக் குடில் எனக்கு இந்த வாழ்க்கையின் திறவுகோலாகத் தோன்றுகிறது.

பத்து வயதிலே தந்தை இறந்தார். சிறிய தந்தையார் வந்து, தாய் தனித்துப் போனாள், வீட்டுக்கு வா என்று வற்புறுத்தினார். தந்தை இருந்ததனால் நான் துறவு பூணவில்லை, உலகின் தூசு படாமல் ஒதுங்கி வாழவே பூண்டேன் என்று பத்து வயதுப் பாலகன் விடை கூறினான். சிறிய தந்தையார் வாயடைத்துப் போனார். சிறிது காலத்திலே தாயும் இறந்தாள். அடக்கஞ் செய்து முடித்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார்.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. மடத்து வயலிலே இளந்துறவியர் பலர் கதிர் அறுத்துக்கொண்டிருந்தனர். பசித்த கள்வர் கூட்டம் ஒன்று தானியத்தைப் பறிக்க வந்தது. எல்லோரும் ஓடினர், பாகியான் மட்டும் நின்றார். வேண்டுமானால் கொண்டுபோங்கள், ஆனால் முற்பிறப்பிலே ஈயாதிருந்த காரணத்தால் இப்பிறப்பிலே வறியரானீர்கள், இப்பிறப்பிலும் பறித்தால் மறுபிறப்பிலே என்னாவீர்களோ என்று அஞ்சுகிறேன் என்றார். கள்வர் தானியத்தை விட்டுவிட்டுப் போயினர்.

இவற்றால் நாம் அறிவது என்ன? உறுதி மிக்க பிள்ளை. அறம் அறிந்த பிள்ளை. ஆனால் கதவை அடைத்துக்கொண்ட பிள்ளை. தாய் வாயிலுக்கு வெளியே, மகன் உள்ளே. இந்தக் கதவு எப்பொழுது திறந்தது என்பதுதான் அவருடைய பிரயாணக் கதை.

எலும்புகள் காட்டிய வழி

சீனத்திலே அக்காலத்தில் பௌத்தம் பரவியிருந்தது. ஆனால் சங்கத்தார் ஒழுகவேண்டிய நெறியைக் கூறும் விநய நூல்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. சிதைவுகளும் குறைகளுமாகவே இருந்தன. சாங்கான் நகரிலே வாழ்ந்த பாகியானுக்கு இது பெருங்கவலையாயிற்று. மூலநூல்களைத் தேடி இந்தியாவுக்குச் செல்வதென்று தீர்மானித்தார். கி.பி. 399ஆம் ஆண்டு புறப்பட்டார். அப்பொழுது அவர் 60 வயதைக் கடந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் கொள்ளும் கணக்கு.

அறுபது வயதிலே நாம் என்ன செய்கிறோம்? ஓய்வூதியக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கின்றோம். சாய்மனைக் கதிரை ஒன்று வாங்குகின்றோம். அவர் நடக்கத் தொடங்கினார்.

நால்வர் உடன் சென்றனர். வழியிலே வேறு ஐவர் சேர்ந்துகொண்டனர். துன்குவாங் என்னும் எல்லைப்புற நகரின் அதிகாரி வேண்டியன கொடுத்து உதவினார். அப்பால் மணற்கடல். மேலே ஒரு பறவை இல்லை. கீழே ஒரு விலங்கு இல்லை. எத்திசை நோக்கினும் வழி தெரியவில்லை. முன்னே சென்று மாண்டவர்களின் எலும்புகளே வழிகாட்டிகள். அந்த மணலை 17 நாளிலே கடந்தனர். பின்னர் வேறொரு பாலையை ஒரு மாதமும் ஐந்து நாளுமாகக் கடந்து கோத்தான் என்னும் செழிப்பான நாட்டை அடைந்தனர். அங்கே ஒரு மடத்தில் 3000 துறவியர் ஒரு மணியோசைக்கு ஒருங்கே அமர்ந்து, கலங்களின் ஓசைகூடக் கேளாமல் உண்பதைக் கண்டு வியந்தார். தேர்த் திருவிழாவைக் காண மூன்று மாதம் அங்கே தங்கினார். ஒழுங்கைத் தேடிப் புறப்பட்டவருக்கு நூலுக்கு முன்பே நடைமுறை காட்சி கொடுத்துவிட்டது.

பின்பு பாமீர் மலைகள். மாரியிலும் கோடையிலும் பனி உருகாத இடங்கள். சிந்து நதியின் பள்ளத்தாக்கிலே செங்குத்தான பாறையில் வெட்டப்பட்ட படிகள் 700 வரையில் இறங்கி, கயிற்றுப் பாலத்தின் வழியே ஆற்றைக் கடந்தனர். இந்த இடத்திலே தவறி விழுந்தால் எலும்பும் கிடையாது.

கூட்டம் குறையத் தொடங்கிற்று. சிலர் வழியிலே பிரிந்தனர். பேசாவர்ப் பகுதியிலே ஒருவர் இறந்தார். வேறு சிலர் இவ்வளவு போதும் என்று சீனத்துக்கே மீண்டனர். பாகியான், ஹுயிசிங், தாவோசெங் ஆகிய மூவரே எஞ்சி, சிறு பனிமலை எனப்பட்ட மலையைக் கடக்க முற்பட்டனர். வடபுறச் சாரலிலே திடீரென்று கடுங்குளிர்க் காற்று வீசிற்று. மூவரும் நடுங்கி வாய் பேச இயலாதவராயினர். ஹுயிசிங்கினால் மேலே ஓரடி வைக்க முடியவில்லை. வாயிலே வெண்ணுரை தள்ளிற்று. நான் பிழையேன், நீங்கள் விரைந்து போங்கள், எல்லோரும் ஒருங்கே மாளவேண்டாம் என்று சொல்லி உயிர் விட்டார்.

அந்த உடலைத் தடவிக்கொண்டு பாகியான் கதறி அழுதார். எடுத்த கருமம் முடியவில்லையே, இதுவோ விதி என்று புலம்பினார். பின்பு எழுந்து நடந்தார். அவருடைய யாத்திரை நூலிலே நான் கண்ட முதற்கண்ணீர் இது. தாய் இறந்தபோது அடக்கஞ் செய்துவிட்டுத் திரும்பியதாகவே சரித்திரம் சொல்கிறது; அழுததாகச் சொல்லவில்லை. இங்கே அழுதார்.

கழுகுமலையில் ஓரிரவு

இந்தியாவிலே குப்த வேந்தர் ஆட்சி சிறந்து விளங்கிய காலம் அது. மதுரா, கன்னோசி முதலிய நகரங்களைக் கடந்து இருவரும் சிராவத்தி நகரை அடைந்தனர். புத்தர் பெருமான் நெடுங்காலம் தங்கி அறமுரைத்த நகரம். ஏறக்குறைய 200 குடும்பங்களே அங்கே எஞ்சியிருந்தன. சேதவனத்து மடத்திலே நின்றபோது, உடன் புறப்பட்டவர்களை நினைத்தார். மீண்டவர் சிலர், மாண்டவர் சிலர். புத்தர் இருந்த இடம் இருக்கிறது, புத்தர் இல்லை. உள்ளம் நொந்தார். அங்கிருந்த துறவியர் இவர்கள் எந்நாட்டவர் என்று கேட்டறிந்து, சீனத்தார் இவ்விடத்துக்கு வந்ததை நாங்கள் கண்டதேயில்லை என்று வியந்தனர்.

கபிலவத்துவும் பாழடைந்து கிடந்தது. லும்பினி, குசிநகரம், வைசாலி, பாடலிபுத்திரம், கயை, காசி ஆகிய இடங்களைத் தரிசித்தார். இராசகிருகத்துக்கு அண்மையிலுள்ள கழுகுமலையிலே நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஊரிலே பூவும் நறும்புகையும் எண்ணெய் விளக்கும் வாங்கினார். உள்ளூர்த் துறவியர் இருவர் வழிகாட்ட மலையேறினார். பூவிட்டு, புகைகாட்டி, விளக்கேற்றினார். புத்தர் போதித்த இந்த இடத்திலே அவர் காலத்தில் பிறக்கக் கொடுத்துவைக்கவில்லையே, அடிச்சுவட்டை மட்டும் காண வந்தேனே என்று உள்ளம் உருகிற்று. கண்ணீரை அடக்கிக்கொண்டு சூத்திரம் ஓதினார். அன்றிரவு அங்கேயே தங்கினார். இது இரண்டாம் கண்ணீர்.

தேடிவந்த நூல் எங்கே? வட இந்தியாவிலே ஆசிரியர் மாணாக்கருக்கு வாய்மொழியாகவே விநயத்தை ஓதுவித்து வந்தனர். படியெடுக்க ஏடு இல்லை. அதனால் அவர் நடு இந்தியா வரையில் நடக்கவேண்டியதாயிற்று. பாடலிபுத்திரத்து மடமொன்றிலே மகாசங்கிகர் விநயம் அவருக்குக் கிடைத்தது. வேறு நூல்களும் கிடைத்தன. அங்கே அவர் மூன்று ஆண்டு தங்கினார். வடமொழியைப் பேசக் கற்றார்; எழுதக் கற்றார்; தம் கையாலே விநயத்தைப் படியெடுத்தார். செல்வர்கள் நகரிலே வைத்தியசாலைகள் அமைத்து, வறியோர்க்கும் நோயாளர்க்கும் உணவும் மருந்தும் இலவசமாகக் கொடுத்து வந்ததையும் கண்டு எழுதினார்.

ஆசிரியத் தொழில் புரியும் நாம் இந்த இடத்திலே சற்று நிற்கவேண்டும். அறுபதைக் கடந்த ஒரு முதியவர் பிறமொழியின் நெடுங்கணக்கை முதலிலிருந்து கற்கிறார். தம் நாட்டிலே ஆசானாக மதிக்கப்பட்டவர், இங்கே சின்னஞ்சிறு மாணாக்கரோடு ஒருவராய் எழுத்துக் கூட்டுகிறார். பாலைவனத்தைக் கடந்தது பெரிது. இது அதனினும் பெரிது என்பேன். பாலைவனம் கடப்போர் உடம்பை வருத்துவர். முதுமையிலே மாணாக்கராவோர் தம் மதிப்பையே கழற்றி வைக்கிறார்கள்.

எஞ்சியிருந்த ஒரே தோழர் தாவோசெங். அவர் இங்குள்ள துறவியரின் ஒழுக்கத்தைக் கண்டு, தம் நாட்டின் குறையை எண்ணி வருந்தி, இனித் திரும்புவதில்லை என்று பாடலிபுத்திரத்திலேயே தங்கிவிட்டார். அவரைக் குறைகூற நான் துணியேன். தேடியது கிடைத்த இடத்திலே தங்கிவிடுவதும் ஒரு நெறியே. பாகியானோ, விநயத்தைத் தம் நாட்டார்க்குக் கொண்டுசெல்லவே வந்தவர். அதனால் தனியே புறப்பட்டார்.

ஈழத்தில் இரண்டாண்டு

கங்கை கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள தாமிரலிப்தித் துறைமுகத்திலே இரண்டு ஆண்டு தங்கிச் சூத்திரங்களைப் படியெடுத்தார், படிமங்களை வரைந்துகொண்டார். பின்பு வணிகரின் பெருங்கலத்தில் ஏறி, குளிர்காலக் காற்றிலே 14 நாள் இரவும் பகலும் ஓடி, ஏறக்குறைய கி.பி. 410ஆம் ஆண்டளவில் நம் இலங்கைக்கு வந்துசேர்ந்தார்.

குளிருக்கும் வெயிலுக்கும் வேற்றுமை அறியாத நாடு, மரஞ்செடிகள் என்றும் பசுமை, விரும்பியபோது விதைக்கலாம் என்று நம் நாட்டை அவர் வருணித்தார். அநுராதபுரத்தின் சமனான வீதிகளையும், நாற்சந்திகளில் அமைந்த அறமுரைக்கும் மண்டபங்களையும், போதிமரத்தையும், தந்ததாது ஊர்வலத்தையும் எழுதிவைத்தார். அபயகிரியிலே 5000 துறவியர், மகாவிகாரையிலே 3000 துறவியர் என்று கணக்கும் கொடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டு அநுராதபுரத்தைக் கண்ணாற் கண்டு எழுதிய அயல்நாட்டார் ஒருவரின் சான்று நமக்குக் கிடைத்தது அவராலேயே. களுத்துறை மாவட்டத்திலே பாகியங்கல என்னும் குகை இன்றும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுகிறது.

அபயகிரியிலே பச்சை மணிக்கல்லாலான உயர்ந்த புத்தர் படிமம் ஒன்று அப்பொழுது இருந்தது. ஒருநாள் பாகியான் அதன் முன்னே நின்றார். வணிகர் ஒருவர் படிமத்தின் முன்பு ஒரு காணிக்கையை வைத்தார். அது சீனத்து வெண்பட்டு விசிறி.

அவ்வளவுதான். சீனத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. பழகுவோர் எல்லாரும் அயல்நாட்டார். மலையும் ஆறும் மரமும் புல்லும் கண்ணறியாதவை. உடன் வந்தோரில் சிலர் பிரிந்தனர், சிலர் இறந்தனர். நிழலன்றித் துணையில்லை. அந்த நிலையிலே ஒரு விசிறி. ஊரிலே கோடைநாளில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடந்திருக்கக்கூடிய பொருள். அதைக் கண்டதும் தம்மை அறியாமலே கண்ணீர் பெருகிற்று. இது மூன்றாம் கண்ணீர்.

அதன் பின்னும் அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை என்பதை நாம் நோக்க வேண்டும். இரண்டு ஆண்டு இங்கே தங்கி, சீனத்தில் இல்லாத மகிசாசகர் விநயம், தீர்க்காகமம், சம்யுக்தாகமம் முதலிய நூல்களைப் பெற்றுக்கொண்டார். கண்ணீர் வந்தது, கருமம் நிற்கவில்லை.

கலயத்தை எறிந்தார், ஏட்டை எறியவில்லை

இருநூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிய வணிகக் கப்பலிலே அவர் இலங்கையை விட்டுப் புறப்பட்டார். ஆபத்துக்கு உதவ ஒரு சிறு படகு கயிற்றாற் பின்னே கட்டப்பட்டிருந்தது. சில நாள் கழிவதற்குள் பெருங்காற்று வீசிற்று. கப்பலிலே நீர் புகுந்தது. வணிகர் சிறு படகுக்கு ஓடினர். படகில் இருந்தவர்கள், கூட்டம் மிகுந்தால் படகும் மூழ்குமென்று அஞ்சிக் கயிற்றை அறுத்துவிட்டனர். கப்பலில் நின்றோர் கையில் அகப்பட்ட பண்டங்களையெல்லாம் கடலில் எறிந்தனர். பாகியானும் தம் நீர்க்கலயத்தையும் கைகழுவும் பாத்திரத்தையும் எறிந்தார். அவர் அஞ்சியது உயிருக்கன்று. வணிகர் நூல்களையும் படிமங்களையும் எடுத்து எறிந்துவிடுவார்களோ என்றே அஞ்சினார். அவலோகிதரை நினைந்து, சீனத்துத் துறவியரை நினைந்து, என் யாத்திரை கரைசேரவேண்டும் என்று வேண்டினார்.

13 நாள் இரவும் பகலும் புயல். ஒரு தீவிலே ஒதுங்கி ஓட்டையை அடைத்தனர். பின்பு 90 நாள் ஓடி யாவதீவத்தை அடைந்தனர். மணிமேகலைக் காப்பியத்தைப் படித்தோர் சாவகம் என்னும் பெயரை அறிவர். பௌத்தத் துறவியாகிய மணிமேகலையும் கடல் கடந்து போய் மீண்டது அந்நாட்டுக்கே.

அங்கே ஐந்து மாதம் காத்திருந்து வேறொரு கப்பலில் ஏறினார். 50 நாளுக்கு உணவு. சீனத்தின் தென்கரையை நோக்கிய பயணம். ஒரு மாதத்தின் பின் மீண்டும் புயல். இந்தத் துறவி ஏறியதாலேயே துன்பம் வந்தது, ஏதேனும் ஒரு தீவில் இவரை இறக்கிவிடுவோம் என்று கப்பலில் இருந்த அந்தணர் சிலர் தம்முட் பேசினர். பாகியானுக்கு ஆதரவளித்த வணிகர் ஒருவர் மட்டும் எதிர்த்து நின்றார். இவரை இறக்குவதாயின் என்னையும் இறக்குங்கள், அல்லது கொன்றுவிடுங்கள். இல்லையேல் சீனத்து மன்னனிடம் உங்கள் செயலை அறிவிப்பேன் என்றார். அந்த ஒருவரின் துணிவினாலே ஏடுகள் பிழைத்தன. எழுபது நாள் கடந்தும் கரை தெரியவில்லை. குடிநீர் அளந்து கொடுக்கப்பட்டது; சமையலுக்குக் கடல்நீர். வடமேற்கே திருப்பிப் பன்னிரண்டு நாள் ஓடினர். ஒரு கரை தெரிந்தது. எந்நாடென்று யாருக்கும் தெரியவில்லை. கரையிலே முளைத்திருந்த ஒரு கீரையைக் கண்டார் பாகியான். அது அவர் ஊர்க் கீரை. சீனம் வந்துவிட்டதென்று அறிந்தார்.

விசிறி அழவைத்தது, கீரை வீடு சேர்த்தது. ஆண்டு கி.பி. 412. புறப்பட்டுப் பதின்மூன்று ஆண்டு.

தேடிய பொருளும் கிடைத்த பொருளும்

இனி ஒரு செய்தி சொல்லவேண்டும். இதைப் பலரும் சொல்வதில்லை. பாகியான் சாங்கானை விட்டுச் சென்று சில ஆண்டுகளுக்குள் குமாரசீவர் என்னும் பேரறிஞர் அந்நகருக்கு வந்தார். அவரும் வேறு இந்தியத் துறவியரும் சேர்ந்து 404ஆம் ஆண்டு முதல் சருவாத்திவாதர் விநயத்தைச் சீனமொழியில் பெயர்க்கத் தொடங்கினர். பாகியான் கரையேறிய காலத்தளவிலே தருமகுப்தர் விநயமும் பெயர்க்கப்பட்டிருந்தது. எந்தக் குறையை நீக்க அவர் உயிரைப் பணயம் வைத்து நடந்தாரோ, அந்தக் குறை அவர் இல்லாத வேளையிலே, அவர் புறப்பட்ட நகரிலேயே பெரிதும் நீங்கிவிட்டது.

அப்படியானால் அந்தப் பதின்மூன்று ஆண்டும் வீணா?

பாகியான் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. 413ஆம் ஆண்டு தென்னாட்டுத் தலைநகராகிய கியன்காங் சென்றார். இன்று அது நான்கிங். அங்கே புத்தபத்திரர் என்னும் இந்திய அறிஞரோடு அமர்ந்து மகாசங்கிகர் விநயத்தையும் மகாபரிநிர்வாண சூத்திரத்தையும் பெயர்த்தார். ஈழத்திலே பெற்ற மகிசாசகர் விநயத்தைப் பெயர்க்க அவருக்கு ஆயுள் போதவில்லை. சிங்சௌ என்னுமிடத்து மடமொன்றிலே, எண்பதைக் கடந்த வயதில், அவர் மறைந்தார். அவர் மறைந்த பின், 423ஆம் ஆண்டு கியன்காங் வந்த புத்தசீவர் என்பவர் அந்நூலைப் பெயர்க்கத் தொடங்கினார். அந்த விநயம் முழுமையாக இன்று கிடைப்பது சீன மொழியில் மட்டுமே. மூலம் தோன்றிய நாட்டிலும் இல்லை. அவர் பெற்றுக்கொண்ட நம் நாட்டிலும் இல்லை.

இவற்றுக்கிடையே, 414ஆம் ஆண்டு, தாம் சென்ற வழியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பின்பு அன்பர் வேண்டுகோளுக்கிணங்கி அதனை விரித்தார். விநயத்தைத் தேடிப் போனவர் எழுதிய வழிக்குறிப்பு அது. அந்தச் சிறு நூலே அவரை உலகறியச் செய்தது. 1836இல் பிரெஞ்சு மொழியிலும், பின்பு ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. மண்மேடாகிக் கிடந்த சிராவத்தி முதலிய பழைய நகரங்களை, கன்னிங்காம் போன்ற ஆராய்ச்சியாளர் பாகியானின் குறிப்பையும் இயுவான் சுவாங்கின் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டே இனங்கண்டனர். கடந்துவந்த இடர்களை நினைத்தால் இப்பொழுதும் நெஞ்சு நடுங்கி வியர்க்கிறது என்று தம் முதுமையிலே சொன்னாராம். வீரம் பேசவில்லை. எடுத்த ஒன்றிலே மனத்தை நிறுத்தியதால் உயிரை எண்ணவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

மாணாக்கனுக்கு விடை

தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. துறவி ஏன் அழுதார்?

பத்து வயதிலே தூசு படாமல் வாழவேண்டுமென்று கதவை அடைத்த பிள்ளை அவர். தாய் வாயிலுக்கு வெளியே குடிலிலே காத்திருந்தாள். அறுபது வயதுக்குமேல் அவர் உலகத்துத் தூசு முழுவதும் காலிற்பட நடந்தார். பனிமலையிலே நண்பனுக்காக அழுதார். கழுகுமலையிலே ஆசானுக்காக அழுதார். அபயகிரியிலே நாட்டுக்காக அழுதார். துறவு தளர்ந்ததால் வந்த கண்ணீர் என்று இதனை நான் கொள்ளமாட்டேன். தளர்ந்திருந்தால் அவர் அடுத்த கப்பலிலேயே ஏறியிருப்பார். மூடியிருந்த நெஞ்சு பிரயாணத்தாலே திறந்தது. தூசுக்கு அஞ்சி ஒதுங்கியவர், அன்பைச் சுமந்துகொண்டும் உறுதியாக நடக்கலாம் என்று கற்றுக்கொண்டார். வீட்டிலிருக்கும்போது கண்ணிற்படாத விசிறி, கடல்கடந்த இடத்திலே கண்ணிற்பட்டது. ஊரின் அருமை ஊரைவிட்டுப் போனவர்க்கே தெரியும்.

ஔவையார் பொருள் தேடக் கடல் கடக்கச் சொன்னார். பொருள் என்பது பொன்னும் மணியும் மாத்திரமோ? பாகியான் தேடியது ஒரு பொருள். கிடைத்தது வேறு பொருள். தேடாமல் வீட்டிலிருந்தவர்க்கு இரண்டும் கிடைப்பதில்லை.

என் சொந்தக் கணக்கைச் சொல்வதாக வாக்களித்தேன். என் ஆசிரியர் எனக்கு விட்டுச்சென்ற இலக்கண உரை ஒன்றின் கைப்பிரதி என்னிடம் இருக்கிறது. இடையிலே பதினொரு பக்கம் செல்லரித்துப் போயின. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலே, ஒரு பழைய ஏட்டுத் தொகுதியில் அந்த உரையின் பிரதியொன்று இருப்பதாக நண்பர் ஒருவர் எனக்கு எழுதினார். எழுதிப் பதினெட்டு ஆண்டு ஆகிறது. முதலிலே பிள்ளைகளின் படிப்பு என்றேன். பின்பு பள்ளிக்கூட வேலை என்றேன். சில ஆண்டாக, இந்த வயதில் இனி எங்கே என்று சொல்லிவருகிறேன். கடல் இருபது காத தூரமும் இல்லை.

அந்தப் பதினொரு பக்கத்தை வேறொருவர் இதற்குள் பதிப்பித்திருக்கவும் கூடும். இருக்கட்டும். சென்ற கிழமை கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். படிவத்திலே வயதை எழுதும்போது கை சற்றுத் தயங்கிற்று. பாகியானை நினைத்துக்கொண்டு எழுதி முடித்தேன்.